தானத்து மாடும் விற்பனைச் சட்டமும்

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. மாட்டின் வயதையும் வலுவையும் பல் காட்டிக் கொடுக்கும். சந்தையிலே விலை பேசுவோன் அதனைப் பார்க்கத்தான் வேண்டும். அன்பினால் ஒருவர் அவிழ்த்துக் கொடுத்த மாட்டிடம் அந்த வியாபாரப் பரிசோதனை ஆகாது என்பது கருத்து. ஐரோப்பியர் இதனையே குதிரையை வைத்துச் சொன்னார்கள். கி.பி. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெரோம் என்னும் கிறித்தவ அறிஞர், தம் காலத்திலேயே அது மக்கள் வாயில் வழங்கிய பழமொழி எனக் குறிப்பிடுகிறார்.

கொடுப்பவரின் கொட்டிலிலே பிறந்து வளர்ந்த மாட்டைப் பற்றி எழுந்த அறிவுரை இது. அங்கே இருவர்தாம் உளர்: கொடுத்தவர், பெற்றவர். ஆயின், கொடுத்தவர் அம்மாட்டைக் காசு எண்ணிக் கொடுத்து வாங்கி வந்திருந்தால்? மூன்றாமவன் ஒருவன் அங்கே வந்துவிடுகிறான். அவன் எவருக்கும் எதனையும் தானம் செய்யவில்லை. முழு விலையையும் பெற்றுப் பெட்டியிலே போட்டுக்கொண்டவன். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே நிலவ வேண்டிய மரியாதையை அவன் தனக்குக் குடையாகப் பிடித்துக்கொள்ளலாமா? சட்டத்தின் வரலாற்றிலே இந்தக் கேள்வி நெடுங்காலம் வாசலில் நின்றிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தெஹிவளையில் நாம் கண்ட ஒரு சிறு சம்பவமே இதனை எழுதத் தூண்டியது. எமது பாடசாலையில் நெடுங்காலம் சிற்றூழியராகப் பணியாற்றிய அம்மையார் ஒருவர் ஓய்வுபெற்றார். வீட்டில் இருந்தபடியே தோசை மா அரைத்து அயலாருக்கு விற்றால் ஓய்வூதியத்தோடு ஒருவாறு சமாளிக்கலாம் என்று அவர் சொல்லி வந்தது எமக்குத் தெரியும். ஆசிரியர்கள் பணம் சேர்த்து, உழுந்து அரைக்கும் கிரைண்டர் ஒன்றை வாங்கினோம். விலை குறைத்து விற்ற நாட்கள் என்பதால் நவம்பரிலேயே வாங்கி, பாடசாலைக் களஞ்சிய அறையிலே பூட்டி வைத்தோம். பெப்ரவரி இறுதியில் பிரியாவிடை நடந்தது. மார்ச்சில் மோட்டார் சூடேறிக் கருகல் மணம் எழுந்தது. கல் சுற்ற மறுத்தது. அம்மையார் அதனை முச்சக்கர வண்டியில் ஏற்றிக் கடைக்குக் கொண்டு சென்றார்.

"பில் ஆருடைய பேரில இருக்கோ அவர் வரவேணும் அம்மா. நீங்கள் எங்களிட்ட ஒண்டும் வாங்கேல்லையே" என்றான் கடைப் பையன்.

பில் எமது கணித ஆசிரியரின் பெயரில் இருந்தது. அவரோ அதற்குள் இடமாற்றம் பெற்று வவுனியாவுக்குப் போய்விட்டார். அம்மையார் எம்மிடம் வந்து முறையிடவுமில்லை. "ரீச்சர்மார் ஆசையாத் தந்ததைக் குறை சொல்லுற மாதிரிப் போயிடும்" என்று கூசி, இரண்டு கிழமை மறைத்து வைத்திருந்தார். பழமொழி தன் வேலையைச் செவ்வனே செய்துவிட்டது. அதன் பயன் போய்ச் சேர்ந்த இடம் கடை.

அந்தப் பையனைக் கோபித்துப் பயனில்லை. சம்பளத்துக்கு நிற்பவன் அவன். அவன் வாய் வழியாகப் பேசியது, அவனே அறியாத ஒரு பழைய சட்டக் கோட்பாடு. அதன் கதையை உரோமாபுரிச் சந்தையிலிருந்து தொடங்க வேண்டும்.

அச்சந்தையை மேற்பார்வை செய்த ஈடைல்கள் எனப்பட்ட அதிகாரிகள் ஓர் ஆணை பிறப்பித்திருந்தனர். விற்போன் தன் பொருளிலுள்ள குறைகளை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அறிவியாது விற்றால், வாங்கியோன் 6 மாதத்துள் பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையை மீளப் பெறலாம். அல்லது ஓராண்டுக்குள் குறைக்கேற்ப விலையைக் குறைக்குமாறு வழக்காடலாம். எத்துணை முற்போக்கான சட்டம் என்று வாசகர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். அவ்வாணை முதன்மையாகக் கருதிய பொருள் எது? மனிதன். அடிமைச் சந்தைக்கு எழுந்த ஆணை அது. விற்கப்படுபவன் நோயாளியா, தப்பியோடும் பழக்கம் உள்ளவனா என்பதை விற்போன் சொல்லியாக வேண்டும். விடுதலை வேட்கை அங்கே பண்டத்தின் பழுது! சுமை இழுக்கும் விலங்குகளுக்கும் இதுபோன்ற விதி இருந்தது. இன்று பாவனையாளர் பாதுகாப்பு என்று நாம் பேசுவதன் மூதாதை, அடிமையை வாங்கியவனின் பணப்பையைக் காத்த சட்டம் என்பதை வரலாற்று மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அந்த 6 மாதக் கணக்கையும் நினைவிற் கொள்க. பின்னர் அது தேவைப்படும்.

இந்த உரோமச் சட்டம் ஒல்லாந்து நாட்டு வழக்கங்களோடு கலந்து, 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கம்பனியாருடன் இலங்கைக்கு வந்தது. 1796இல் ஆங்கிலேயர் கரையோரப் பகுதிகளைப் பிடித்த பின்னரும், 1799 செப்ரெம்பர் 23ஆம் திகதிப் பிரகடனத்தால் அது தொடர விடப்பட்டது. அந்த உரோமன் டச்சுச் சட்டத்திலே எமது விடயத்துக்கு உதவக்கூடிய நல்ல கூறு ஒன்று உண்டு. இருவர் மூன்றாமவர் ஒருவரின் நன்மைக்கென ஒப்பந்தம் செய்து, அவரும் அந்நன்மையை ஏற்றுக்கொண்டால், அவர் தாமே அதன்மீது வழக்காடலாம். எமது அம்மையாருக்குத் திறந்திருக்கக்கூடிய வாசல் அதுவே. ஆயின் அசையும் பொருள்களின் விற்பனையைப் பொறுத்தவரை, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வந்தது. இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை அச்சாகக் கொண்டு வார்க்கப்பட்டது அது. இலண்டனிலே எந்தச் சட்டத்தின்கீழ்ப் பேரம் பேசினார்களோ, அதே சட்டம் கொழும்புத் துறைமுகத்திலும் இருப்பது ஏகாதிபத்திய வணிகத்துக்கு வசதி. விற்கப்படும் பொருள் தன் நோக்கத்துக்குத் தக்கதாகவும் விற்கத் தகுந்த தரமுடையதாகவும் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை, குறித்த சூழ்நிலைகளில், சொல்லாமலே அமைந்துள்ளது என அது கொண்டது. நல்லது. ஆனால் அந்த நிபந்தனை யாருக்காக? வாங்குவோனுக்காக. ஏடு முழுவதிலும் விற்போன், வாங்குவோன் என்னும் இருவரே நடமாடுகின்றனர்.

ஆங்கிலச் சட்டம் இவ்வாறு இருவரை மட்டுமே கண்டதற்குக் காரணம் உண்டு. 1842இல் தீர்க்கப்பட்ட வின்டர்பொட்டம் வழக்கைப் பார்ப்போம். தபால் வண்டி ஓட்டிய தொழிலாளி ஒருவர், வண்டி உடைந்து விழுந்து முடமானார். வண்டியைச் செப்பமாக வைத்திருப்பதாகத் தபால் அதிபதியோடு ஒப்பந்தம் செய்திருந்தவர் ரைட் என்பவர். ஓட்டுநரோ அவ்வொப்பந்தத்தில் ஒரு தரப்பினர் அல்லர். ஆகவே அவருக்கு வழக்கில்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. இவருக்கு இடம் கொடுத்தால் வண்டியிற் செல்லும் ஒவ்வொரு பயணியும், ஏன், வீதியிலே அடிபடும் ஒவ்வொருவரும் வழக்குக் கொண்டு வருவர் என்று நீதிபதிகள் அஞ்சினர். இயந்திரங்களும் புகைவண்டிகளும் பெருகிய காலம் அது. அடிபடுவோர் தொகை பெருகும் என்பதை நீதிபதிகள் நன்கு உணர்ந்திருந்தார்கள். அவ்வுணர்வினால் அவர்கள் காத்தது யாரை என்பதுதான் வேதனை.

1861இல் வந்த ட்வெடில் வழக்கு, தமிழ் வீடுகளுக்கு மிகவும் அறிமுகமான கதை. பெண்ணின் தந்தையும் மாப்பிள்ளையின் தந்தையும் தத்தம் பங்குக்கு மணமகனுக்குப் பணம் தருவதாகத் தமக்குள் எழுதிக்கொண்டனர். பெண்ணின் தந்தை 200 பவுண் தருவதாக வாக்களித்து, தராமலே இறந்துபோனார். மருமகன் வழக்குத் தொடுத்தான். ஒப்பந்தம் உன் நன்மைக்கானதுதான். ஆனால் அதனைச் செய்தவன் நீயல்லன். நீ அதற்கு ஈடாக எதுவும் கொடுக்கவுமில்லை. போய் வா என்றது நீதிமன்றம். சீதனக்காரனுக்கு இப்படி ஒரு தோல்வி வந்ததை எண்ணி நாம் வருந்தப் போவதில்லை. எனினும் அத்தீர்ப்பின் தர்க்கம் பொல்லாதது. யாருக்காக ஒரு பேரம் செய்யப்பட்டதோ, அவருக்கே அப்பேரத்தில் வாயில்லை என்பதுதான் அதன் சாரம். கடைப் பையன் அம்மையாருக்குச் சொன்னதும் அதுவே.

இந்தச் சுவரிலே முதற் பெரும் வெடிப்பு ஏற்பட்டது ஒரு போத்தலினால்.

1928 ஓகஸ்ட் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. ஸ்கொட்லாந்திலுள்ள பெய்ஸ்லி நகரத்துச் சிற்றுண்டிச் சாலை ஒன்றிலே மே டொனகியு என்னும் பெண் தம் நண்பியோடு அமர்ந்திருந்தார். கிளாஸ்கோவில் கடைச் சிப்பந்தியாக உழைத்தவர் அவர். ஐஸ்கிறீமும் அதன்மேல் ஊற்ற ஜிஞ்சர் பியரும் வாங்கிக் கொடுத்தவர் நண்பி. போத்தல் உள்ளே தெரியாத கருங்கண்ணாடி. பாதி குடித்தபின் நண்பி மீதியை ஊற்றியபோது, அழுகிய நத்தை ஒன்று மிதந்து வந்தது என்பது டொனகியுவின் முறைப்பாடு. அவர் நோயுற்றார். வாங்கியது அவராக இருந்தால் கடைக்காரர்மீது ஒப்பந்தப்படி வழக்காடலாம். வாங்கியவரோ நண்பி. நண்பிக்கு ஒப்பந்தம் இருந்தது, வயிற்றுவலி இல்லை. டொனகியுவுக்கு வயிற்றுவலி இருந்தது, ஒப்பந்தம் இல்லை. நண்பி தந்த அன்பளிப்பு என்ற ஒரே காரணத்தால், உலகச் சட்ட வரலாற்றையே திருப்பிய வழக்கு அங்கே பிறந்தது.

போத்தலை நிரப்பி விற்ற உற்பத்தியாளரான ஸ்டீவன்சன்மீது அவர் 500 பவுண் கேட்டு வழக்கிட்டார். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவையும் சுமக்க வேண்டும். அதிலிருந்து விலக்குப் பெறும்பொருட்டு, தமக்கு உலகில் ஐந்து பவுண் பெறுமதியான உடைமைகூட இல்லை என்று பிரபுக்கள் சபைக்கு ஓர் ஏழைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். 1932 மே 26ஆம் திகதி, மூவருக்கு இருவர் என்ற கணக்கிலே, சட்டம் அவர் பக்கம் உள்ளது எனத் தீர்ப்பாயிற்று. அட்கின் பிரபு அயலான் யார் என்ற வினாவை எழுப்பி, நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நாம் நியாயமாக எண்ணிப் பார்க்க வேண்டிய ஒவ்வொருவரும் நமக்கு அயலாரே என விடை சொன்னார். நத்தை உண்மையில் இருந்ததா என்பது ஒருபோதும் விசாரிக்கப்படவில்லை. வழக்குப் பின்னர் சமாதானமாக முடிந்தது. ஒரு வாக்கு மாறியிருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்பதை மாணவர்கள் சிந்தித்துப் பார்ப்பது நன்று.

இத்தீர்ப்பைப் பாராட்டுவோர் பலரும் அதன் எல்லையைக் கவனிப்பதில்லை. டொனகியு வென்றது நோயுற்றதனால். உடலுக்கோ பிற உடைமைக்கோ கேடு விளைந்தால்தான் அந்தக் கதவு திறக்கும். நத்தையே இல்லாத, ஆனால் வெறுமனே சுவை கெட்டுப்போன பானத்துக்கு அங்கே பரிகாரம் கிடையாது. கிரைண்டரின் மின்சாரம் அம்மையாரைத் தாக்கியிருந்தால் அவர் அட்கின் பிரபுவின் அயலாராகியிருப்பார். அது சுழலாமல் நின்றமையால் அவர் யாருக்கும் அயலாரல்லர். கைகால் முறிந்தால் நீதி, பிழைப்பு முறிந்தால் இல்லை என்ற இந்தப் பாகுபாடு ஏழைகளைத்தான் அதிகம் வருத்துகிறது.

அன்பளிப்புப் பொருளின் கதை அடுத்ததாக ஐக்கிய அமெரிக்காவுக்குப் போகிறது. 1955 மே மாதத்தில் நியூ ஜேர்சி மாநிலத்தைச் சேர்ந்த குளோஸ் ஹென்னிங்சன், அன்னையர் தினப் பரிசாகத் தம் மனைவி ஹெலனுக்குப் புதிய பிளிமத் கார் ஒன்றை வாங்கினார். பத்து நாட்கள் கழிந்தன. 468 மைல் ஓடியிருந்த நிலையில், முன்புறத்தில் பெருஞ்சத்தம் கேட்டது. சுக்கான் ஹெலனின் கையிலே தானாகச் சுழன்றது. கார் மதிலில் மோதியது. கொள்வனவுப் பத்திரத்தின் பின்புறம் பொடி எழுத்திலே உற்பத்தியாளர் எழுதி வைத்திருந்தது என்ன? 90 நாட்கள் அல்லது 4,000 மைல், இவற்றுள் எது முந்துகிறதோ அதுவரை பழுதான உறுப்பை மாற்றித் தருவோம். அதுவும் முதல் வாங்குநருக்கே. வேறு எப்பொறுப்பும் எமக்கில்லை. அந்நாட்டுப் பெரிய மோட்டார்க் கம்பனிகள் ஒன்றுகூடி வகுத்துக்கொண்ட வாசகம் அது. ஒரு கம்பனியை விட்டு மறு கம்பனிக்கு ஓடினாலும் அதே பொடி எழுத்துத்தான் காத்திருக்கும். ஒப்பந்தச் சுதந்திரம் என்று முதலாளித்துவப் பொருளியலார் புகழ்வதன் உண்மை உருவம் இது.

1960 மே மாதத்தில் அம்மாநில உயர் நீதிமன்றம் அந்த வாசகத்தைச் செல்லாததாக்கியது. வீட்டில் ஒருவர் வாங்கும் காரை மற்றவரும் ஓட்டுவர் என்பது கம்பனிக்குத் தெரியாததன்று. ஆகவே உட்கிடையான உத்தரவாதம் மனைவிக்கும் உரியது என்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1962 மார்ச் 15ஆம் திகதி, ஜனாதிபதி கென்னடி பாவனையாளரின் நான்கு உரிமைகளைக் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் எடுத்துரைத்தார். பாதுகாப்பு, தகவல், தெரிவு, செவிசாய்க்கப்படுதல் என்பன அவை. அந்த நாள் இன்று உலக பாவனையாளர் உரிமை தினமாகக் கொண்டாடப்படுகிறது. எமது பாடசாலைகளிலும் பேச்சுப் போட்டி வைப்பதுண்டு.

இலங்கைக்குத் திரும்புவோம். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதிக் கதவுகள் அகன்றன. வானொலிப் பெட்டி, மின்விசிறி, தொலைக்காட்சி என்று கப்பல் கப்பலாக வந்து இறங்கின. 1979ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாவனையாளர் பாதுகாப்புச் சட்டம் அந்த வெள்ளத்தோடு ஒட்டியே பிறந்தது. அதே காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் பணிப்பெண்களாக மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போனார்கள். அவர்கள் தம் வியர்வையை மின்சாரப் பொருளாக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். வாங்கியவள் குவைத்தில், பாவிப்பவர்கள் கொழும்பிலோ மட்டக்களப்பிலோ. பழுதானால் யார் யாரிடம் போவது? இன்று வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தனித்திருக்கும் தாய்க்கு, ரொறன்ரோவிலுள்ள மகன் இணையத்திலே பணம் கட்டிக் குளிர்சாதனப் பெட்டி அனுப்புகிறான். பெட்டி தாயிடமும் பில் மகனின் மின்னஞ்சலிலும் கிடக்கின்றன. எம் மக்களின் வாழ்வில் வாங்குவோர் ஓரிடமும் பாவிப்போர் ஓரிடமுமாக இருப்பது விதிவிலக்கன்று. போரும் வறுமையும் அதனைப் பொது விதியாக்கிவிட்டன.

இதனைக் கருதிப் பார்க்கையில், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஒரு முக்கியமான படியை ஏறியுள்ளது. வணிகரோ உற்பத்தியாளரோ விலைக்கு அளிக்கும் பொருளை உண்மையில் பாவிப்பவரும் பாவிக்கக் கூடியவரும் பாவனையாளரே என்று அது வரையறுக்கிறது. விலையை யார் கொடுத்தார் என்று அவ்வரைவிலக்கணம் கேட்கவில்லை. பாவனையாளர் என்ற எமது தமிழ்ச் சொல்லே அக்கருத்தை அழகாகத் தாங்கி நிற்கிறது. 1896இன் ஏட்டிலே இடம்பெறாத மூன்றாமவர் 107 ஆண்டுகள் கழித்து ஏட்டுக்குள் வந்துவிட்டார். கடைப் பையன் சொன்னது தவறு. அம்மையார் முறைப்பாடு செய்யத் தகுதி உடையவரே.

ஆனால் அதே சட்டம், முறைப்பாடு எழுத்திலே, பொருள் விற்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துள் செய்யப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. பெற்ற நாளிலிருந்து அன்று. பழுது வெளிப்பட்ட நாளிலிருந்தும் அன்று. பாவிப்பவரைப் பாவனையாளர் என்று ஏற்றுக்கொண்ட கை, நாட்காட்டியை மாத்திரம் வாங்கியவரின் வீட்டிலே மாட்டிவிட்டது. திருமணத்துக்கென ஆறு மாதம் முன்பே வாங்கி வைப்போர் உண்டு. நகை பணம் சேரச் சேர ஒவ்வொன்றாக வாங்கும் ஏழைத் தாய்மார் உண்டு. பெட்டி திறக்கப்படும் முன்னரே அவர்களின் மூன்று மாதம் முடிந்துவிடும். நீதிமன்றம் உண்டே எனலாம். ஒரு கிரைண்டருக்காகச் சட்டத்தரணிக்குக் காசு கட்டுவோர் யார்? 1960இல் நியூ ஜேர்சி நீதிபதிகள் ஏற்க மறுத்த கம்பனியின் 90 நாட்களையும், அடிமையை வாங்கிய உரோமானியனுக்கு இருந்த 6 மாதத்தையும் இந்த மூன்று மாதத்தின் பக்கத்திலே வைத்துப் பார்க்கலாம்.

அயலிலே இந்தியாவின் 1986ஆம் ஆண்டுச் சட்டம், வாங்கியவரின் ஒப்புதலோடு பாவிப்பவரையும் நுகர்வோர் என்று வெளிப்படையாகவே எழுதியது. வழக்குக்கு உரிய காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் என்பது இப்போது அங்குள்ள விதி. 2019இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் இவ்விரண்டையும் தொடர்கிறது. இங்கிலாந்தே தன் 1861ஆம் ஆண்டுத் தர்க்கத்தை 1999இல் சட்டம் இயற்றித் தளர்த்திவிட்டது. தமிழ்நாட்டில் 2006 முதல் வண்ணத் தொலைக்காட்சிகளையும் 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றையும் அரசாங்கமே வீடுவீடாகக் கொடுத்தது. இலவசம் என்று அதற்குப் பெயர். உற்பத்தியாளர்கள் எவரும் இலவசமாகக் கொடுக்கவில்லை. வரிப் பணத்திலிருந்து விலை பெற்றார்கள். அரசின் தானமானாலும் அங்கே மாட்டை விற்றவன் ஒருவன் உண்டு.

எமது பக்கத்திலும் ஒரு குற்றம் உண்டு. பரிசுப் பொருளின் விலைச்சீட்டை உரித்தெடுப்பதும் பில்லைக் கிழித்தெறிவதும் நாகரிகம் என்று நாம் பழகியிருக்கிறோம். பெற்றவர் கையில் இருக்க வேண்டிய ஒரே சான்றை, மரியாதையின் பெயரால் நாமே அழிக்கிறோம்.

கிரைண்டரின் கதை இவ்வாறு முடிந்தது. வவுனியாவிலிருந்து கணித ஆசிரியர் பில்லைத் தேடி அனுப்பினார். அதிலிருந்த நவம்பர்த் திகதியை எண்ணிப் பார்த்தபோது, பிரியாவிடைக்கு முன்பே மூன்று மாதம் கழிந்திருந்தது. உத்தரவாத அட்டையிலோ கடையின் முத்திரை இல்லை. நாமும் அதனை அன்று பார்க்கவில்லை. மீண்டும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, ஒழுங்கையொன்றிலே மோட்டார் சுற்றும் பாஸ் ஒருவரிடம் திருத்துவித்தோம். அம்மையார் மா அரைக்கிறார்.

அதன்பின் ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளருக்குத் தையல் இயந்திரம் வாங்கினோம். விழாவுக்கு முதல் நாள் வாங்கினோம். பில்லை அவருடைய பெயரிலேயே எழுதச் சொன்னோம். உத்தரவாத அட்டையில் முத்திரை குத்தும்வரை கடையிலேயே நின்றோம். இரண்டையும் உறையிலிட்டுப் பொருளோடு கொடுப்பதா என்று ஆசிரியர் அறையிலே ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. விலை தெரியக் கொடுப்பது அழகன்று என்று மூத்த ஆசிரியை ஒருவர் கடைசிவரை வாதாடினார். அவருக்காக, விலை எழுதியிருந்த இடத்தில் மட்டும் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மறைத்தோம். திகதியை மறைக்கவில்லை.